கொத்து வேலை கற்ற டாக்டர்

டாக்டர் பால் பிராண்ட் என்றால் வேலூர் சி.எம்.சி.யும் தொழுநோய் சிகிச்சையும் ஞாபகத்துக்கு வரும். ஆனால் அவர் நம்ம பக்கத்து மலைக்காரர், நம்மைப் போலவே முதலில் தொழில் கற்றவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? சிவில் படிக்கிற எனக்கு அதில் தனிப் பெருமை!

1914-ல் மிஷனரி தம்பதிக்குப் பிறந்து, கொல்லிமலையில் வளர்ந்தார். 1929-ல் தந்தை ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்தார். தாய் எவ்லின் தள்ளாத வயதிலும் குதிரையேறி எங்கள் கல்வராயன் மலைக்கும் வந்து மருந்து கொடுத்த அம்மா. மகன் இங்கிலாந்தில் தச்சும் கொத்தும் கற்று, அதன்பிறகுதான் மருத்துவம் படித்தார்.

1946-ல் வேலூர் வந்தவர், செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில் ஒரு அதிசயம் கண்டார். விரல்கள் கொக்கி மாதிரி மடங்கியிருந்தும் நோயாளியின் பிடி இரும்புப் பிடி! உள்ளங்கையின் சிறு தசைகள்தான் செயலிழந்திருந்தன. முன்கைத் தசைகள் நன்றாகவே இருந்தன. அந்த நல்ல தசையின் நாணை எடுத்து விரலோடு இணைத்தார். நம்ம மெக்கானிக்ஸ் பாடத்துக் கயிறும் கப்பியும்தான்! விரல் நிமிர்ந்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கை சரியானவனுக்கும் வேலை தர ஆளில்லை. அமுங்கிய மூக்கையும் உதிர்ந்த புருவத்தையும் பார்த்ததுமே விரட்டினார்கள். நேரான கைக்குப் பிச்சையும் விழவில்லை. நோய் போயும் வயிறு காய்ந்தது!

அப்போதுதான் அவருக்கு உறைத்தது, முகத்தோற்றம் வெறும் அலங்காரமல்ல, அது ஒருவனின் கூலி என்று. சகாக்களோடு சேர்ந்து மூக்கை நிமிர்த்தினார். தலைமுடித் தோலில் புருவம் வைத்தார். இமை மூடாமல் பார்வை போகும் நிலையில் இருந்தவர்களுக்கு, தாடையில் மெல்லப் பயன்படும் தசையின் ஒரு பகுதியை இமைக்குக் கொண்டுபோனார். பல்லைக் கடித்தால் கண் மூடும்! நவஜீவ நிலையத்தில் அவர்களுக்குத் தச்சு வேலையும் கற்றுக்கொடுத்தார்.

1966-ல் அமெரிக்கா சென்ற அவர், 2003-ல் அங்கேயே மறைந்தார்.

இன்று தாடையை நேராக்கும் ஆபரேஷனிலும் இதே கணக்குதான். பல் வரிசை பொருந்தி மெல்லவும் வேண்டும், முகம் கண்ணாடியில் தன் முகமாகவும் தெரிய வேண்டும். ஒன்றுக்காக இன்னொன்றை விட்டால் பாதி வேலைதான்.

நண்பர்களே, பூச்சு அழகாயிருந்து கூரை ஒழுகினாலும் தப்பு. கூரை கெட்டியாயிருந்து உள்ளே நுழைய மனசு வராவிட்டாலும் தப்பு. நாளை நாம் எதைக் கட்டினாலும், எதைப் பழுது பார்த்தாலும், அதோடு வாழப்போகிற மனிதரை முதலில் நினைப்போம்!