எல்லாச் சக்கரங்களுக்கும் விசை

சேற்றில் சிக்கிய கனரக லாரியின் ஒரு பக்கச் சக்கரம் வீணாகச் சுழல, மறுபக்கச் சக்கரம் அசையாது நிற்பதைப் பலரும் கண்டிருப்போம். வளைவில் வெளிப்புறச் சக்கரம் கூடுதல் தூரம் ஓட வேண்டும். அதற்கு இடங்கொடுப்பதே இயக்க அச்சிலுள்ள டிஃபரன்ஷியல். ஆனால், வழுக்கும் சக்கரம் ஏற்கும் விசைக்கு மேல் மறுசக்கரத்துக்கும் அது தருவதில்லை. டிஃபரன்ஷியல் லாக்கைப் போட்டால் இரண்டும் ஒன்றாகச் சுழன்று வண்டி மீளும். கெட்டித் தரையை அடைந்ததும் அதை விடுவிக்காவிட்டால் திருப்பத்தில் டயர் தேயும், அச்சுத்தண்டே முறியலாம்.

இச்சிக்கலோடு நெடுங்காலம் மல்லுக்கட்டியவர் ஃபெர்டினாண்ட் போர்ஷே. விலையுயர்ந்த காரின் பெயராகவே அவரை அறிந்திருக்கிறோம். சரக்கு வண்டியில் அவர் செய்ததே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

1875-இல் பொஹீமியாவில் தகரக் கொல்லர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். முறையான பொறியியல் பட்டம் இல்லை. 1900-ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியில் இடம்பெற்ற அவரது மின்காருக்கு டிஃபரன்ஷியலே தேவைப்படவில்லை. சக்கரக் குடங்களுக்குள்ளேயே மோட்டார்கள் இருந்தன. இதே எண்ணத்தை ஆஸ்ட்ரோ-டெய்ம்லர் நிறுவனத்தில் ராணுவ வண்டித்தொடராக வளர்த்தார். முன்வண்டியின் பெட்ரோல் எஞ்சின் மின்சாரம் ஆக்கும். அது பின்வண்டிகளின் சக்கர மோட்டார்களுக்குச் செல்லும். இழுவை வண்டி தன் சக்கரங்களின் பிடிமானத்தை மட்டும் நம்பியே சுமையை இழுக்கிறது. இங்கோ சுமையின் எடையே பிடிமானமாயிற்று. முதல் உலகப் போரில் ஆஸ்திரியாவின் பெரும் பீரங்கிகள் இவ்வண்டிகளில் சென்றன. பின்னாளில் ஆட்டோ யூனியன் பந்தயக் காரின் சக்கரம் வளைவில் வழுக்கியபோது, அவரது அலுவலகம் கேட்டுக்கொண்டதன்பேரில், வழுக்கலைத் தானே கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியலை இசட்எஃப் நிறுவனம் 1935-இல் உருவாக்கியது.

இத்தோடு நிறுத்திக்கொள்ள மனம் ஒப்பவில்லை. ஹிட்லர் அரசுக்காக மக்கள் காரை வடிவமைத்தவரும் இவரே. வாரம் 5 மார்க் வீதம் சேமிப்பு வில்லை ஒட்டிய மூன்று லட்சத்துக்கும் அதிகமான ஜெர்மானியர்களில் ஒருவருக்கும் அத்திட்டத்தின்கீழ் கார் கிடைக்கவில்லை. ஆலை போர்த்தளவாடங்களுக்குத் திரும்பியது. அதில் கட்டாயத் தொழிலாளரும் வதைமுகாம் கைதிகளும் உழைத்தனர். அவர் அறியாமல் நடந்ததல்ல அது. ஆண்டுக்கணக்கில் உற்பத்திச் செலவைப் பாடமாக நடத்தியவன் நான். அந்த உழைப்பின் விலையை எந்தக் கணக்கேட்டில் எழுதுவது என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.

போருக்குப் பின் ஏறத்தாழ இருபது மாதங்கள் பிரெஞ்சுக் காவலில் இருந்து, தண்டனையின்றி வெளிவந்தார். 1951 ஜனவரி 30 அன்று ஸ்டுட்கார்ட்டில் மறைந்தார். சேமித்தவர்கள் தொடுத்த வழக்கோ 1961 வரை நீண்டது.