மூவாயிரம் இரவுகளின் அரிச்சந்திரன்

ஈழத்து இசை நாடக அரங்கின் வரலாற்றை எழுதப் புகும் எவரும் காங்கேசன்துறையைக் கடந்து செல்ல முடியாது. 1924 ஆம் ஆண்டு பெப்ரவரியில் அவ்வூரில் பிறந்து, 1989 ஆம் ஆண்டு ஜூலையில் மறைந்த நடிகமணி வி.வி.வைரமுத்துவின் வாழ்வு, அந்த அரங்கின் ஏற்றத்தோடு பிரிக்க முடியாதவாறு பிணைந்தது. நடிகமணி என்றால் அவர் ஒருவரையே குறிக்கும் என்ற அளவுக்கு அப்பட்டம் மக்கள் நாவில் நிலைத்துவிட்டது.

அவர் வரித்துக்கொண்ட கலை ஒரே ஊரில் முளைத்ததன்று. பம்பாயிலிருந்து பரவிய பார்சி நாடகக் குழுக்களின் திரைச்சீலைகளும் இந்துஸ்தானி மெட்டுகளும் ஐரோப்பாவிலிருந்து வந்த ஆர்மோனியமும் கர்நாடக இசையோடு கலந்து தமிழ் இசை நாடகமாயின. சங்கரதாஸ் சுவாமிகள் அதற்குச் செம்மையான வடிவம் தந்தார். தமிழகக் குழுக்கள் கடல் கடந்து வந்து யாழ்ப்பாணத்தில் கொட்டகை அமைத்து ஆடின. அவற்றைக் கண்டு வளர்ந்த உள்ளூர்க் கலைஞர்கள் காலப்போக்கில் அக்கலையைத் தமதாக்கிக்கொண்டனர். அவ்வாறு உருவான தலைமுறையின் தலைமகன் வைரமுத்து ஆவார்.

அவரது வசந்த கான சபா, மயான காண்டம், பக்த நந்தனார் முதலிய பல நாடகங்களை மேடையேற்றியது. வசனம் பேசி நடிக்கும் நாடகத்தில் குரல் சற்றுத் தளர்ந்தாலும் நடிகன் சமாளித்துவிடலாம். இசை நாடகத்தில் அதற்கு இடமில்லை. பாடிக்கொண்டே நடிக்க வேண்டும். நடித்துக்கொண்டே சுருதியில் நிற்க வேண்டும். நள்ளிரவைத் தாண்டியும் கடைசி வரிசையில் பாயில் அமர்ந்திருப்பவருக்குச் சொல் தெளிவாகக் கேட்க வேண்டும். இம்மூன்றும் ஒருவரிடம் ஒருங்கே அமைவது அரிது. அந்த அரிய பேறு வைரமுத்துவுக்கு வாய்த்திருந்தது.

மயான காண்டம் என்பது அரிச்சந்திர நாடகத்தின் இறுதிப் பகுதியாகும். பொய் சொல்ல மறுத்த மன்னன் நாட்டை இழக்கிறான். மனைவியையும் மகனையும் விற்கிறான். தானும் காசியின் மயானக் காவலனுக்கு அடிமையாகிறான். பாம்பு தீண்டி இறந்த மகனை இருளில் சுமந்துவரும் சந்திரமதியிடம், கட்ட வேண்டிய கால் பணமும் முழத்துண்டும் எங்கே என்று கேட்பவன் அவளது கணவனே. அவளை இன்னாளென்று அறிந்த பின்னரும் எசமானுக்குரிய கட்டணத்தை விட்டுக்கொடுக்க அவனுக்கு உரிமையில்லை. கதையின் முடிவு பார்வையாளர் அனைவருக்கும் தெரியும். ஆயினும் அடுத்த திருவிழாவுக்கும் அதே நாடகத்தையே கேட்டு வாங்கி, அதே இடத்தில் அழுதனர்.

இந்நாடகம் 3000 தடவைகளுக்கு மேல் மேடையேறியதாகப் பதிவாகியுள்ளது. நாள்தோறும் இடைவிடாது ஆடினாலும் எட்டு ஆண்டுகளுக்கு மேல் செல்லும். அமெரிக்க இசை நாடக அரங்கில் நடிகர் யுல் பிரின்னர் சியாம் மன்னனின் வேடத்தை 1951 முதல் 1985 வரை 4625 தடவைகள் ஏற்றார் என்பதை அந்நாட்டினர் பெருமையோடு நினைவுகூருகின்றனர். அவருக்குப் பின்னால் நிலையான அரங்குகளும் வாரந்தோறும் சம்பளம் வழங்கும் தயாரிப்பாளர்களும் இருந்தனர். நமது கலைஞனுக்கு இருந்தவை கோயில் வீதியில் எழுப்பப்பட்ட தற்காலிக மேடையும் உபயகாரர் தந்த சிறு தொகையும் மக்களின் அன்புமே.

அந்த அன்பிலும் ஒரு முரண் இருந்தது. மேடையில் அரசனாக நின்றவனைக் கண்டு கண்ணீர் விட்ட சமூகம், வேடம் கலைந்ததும் அவனைக் கூத்தாடி என்றே அழைத்தது. இக்கலையை வளர்த்தவர்களில் பலர் சாதியால் ஒடுக்கப்பட்டவர்கள். தில்லைக்குள் நுழையத் தவித்த நந்தனாரின் கதை கோயில் வீதிகளில் பாடப்பட்ட அதே காலத்தில், காங்கேசன்துறைக்கு அண்மையிலுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலின் வாசலில், 1968 ஆம் ஆண்டு, ஆலயப் பிரவேசத்திற்காக மக்கள் போராட வேண்டியிருந்தது. நந்தனுக்காக இரங்கியவர்கள் தம் வாசலில் நின்ற நந்தன்களைக் கண்டுகொள்ளவில்லை. இசை நாடகம் நம் முன் நீட்டிய கண்ணாடியில் நாம் முகம் பார்க்கத் தவறினோம் என்பதே உண்மை.

வன்னிப் பெருநிலம் இவ்வரங்கிற்கு அந்நியமானதன்று. வற்றாப்பளைக் கண்ணகி அம்மனின் வைகாசிப் பொங்கலும் கோவலன் கூத்தும் முல்லைத்தீவின் பழஞ்சொத்துக்கள். இரணைமடு நீரை நம்பிக் கிளிநொச்சியில் குடியேறிய யாழ்ப்பாணத்து விவசாயிகள், தம் விதைநெல்லோடு இசை நாடக ரசனையையும் கொண்டுவந்தனர். வைரமுத்து மறைந்த மறு ஆண்டே, 1990 இல், போர் காங்கேசன்துறை மக்களை ஊரைவிட்டு விரட்டியது; அவர்களில் பலருக்குப் பின்னர் வன்னியே புகலிடமாயிற்று. அதே ஆண்டு ஒக்டோபரில் முல்லைத்தீவு உட்பட வடக்கின் முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். நாடு இழந்து நடந்த அரிச்சந்திரனின் துயர் இரு சமூகங்களின் அனுபவமாயிற்று. அய்யூப் நபியின் பொறுமையைக் கேட்டு வளர்ந்த முஸ்லிம் வாசகருக்கும், சோதனைகளின் நடுவே உண்மையைக் கைவிடாத மனிதன் புதியவன் அல்லன்.

இன்று மயான காண்டத்தை மீட்டும் நினைக்கையில் நம் நெஞ்சைத் தைப்பது சந்திரமதியின் நிலையே. இறந்த பிள்ளைக்கு முறைப்படி இறுதிக்கடன் செய்ய இயலாத தாய் ஒரு காலத்தில் புராணப் பாத்திரம் மட்டுமே. 2009 ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் முல்லைத்தீவுக் கரையோரத்தில் எத்தனையோ தாய்மார் அதே நிலையில் நின்றனர். பதுங்குகுழியையே புதைகுழியாக்கிவிட்டு நடந்தவர்கள் உண்டு. அதற்கும் அவகாசமின்றிச் சென்றவர்களும் உண்டு. 2020 இல் கொவிட் தொற்றால் இறந்தோரின் உடல்களை எரித்தே ஆக வேண்டும் என்று அரசு விதித்தபோது, நல்லடக்கம் செய்யும் மார்க்கக் கடமை முஸ்லிம்களுக்கு மறுக்கப்பட்டது. 2021 பெப்ரவரி இறுதியில் அவ்விதி தளர்த்தப்படும்வரை அவர்களும் மயானத்து வாசலில் மன்றாடி நின்றனர். இறந்தோருக்குரிய மரியாதையை மறுக்கும் சட்டம் எத்துணைக் கொடியது என்பதை வைரமுத்து ஆயிரக்கணக்கான இரவுகளில் நமக்குப் பாடிக் காட்டியிருந்தார்.

எனவே அவரை நினைவுகூர்வது பழம்பெருமை பேசுவதோடு நின்றுவிடலாகாது. இசை நாடகத்தின் மெட்டுகளை அறிந்த முதிய கலைஞர்கள் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். ஏட்டில் உள்ள பாடல் மட்டும் கலையாகாது. அதைப் பாடும் முறை குருவின் வாயிலிருந்து மாணவனின் காதுக்குச் சென்றாக வேண்டும். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் உள்ள பாடசாலைகள் ஆண்டுக்கு ஒரு நாடகத்தையேனும் மூத்த கலைஞர் ஒருவரின் பயிற்சியில் மேடையேற்ற முன்வர வேண்டும். ஆலய பரிபாலன சபைகள் ஒலிபெருக்கி இசைக்குழுவுக்குச் செலவிடுவதில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாம். கூத்தாடி என்ற சொல்லால் அன்று நாம் இழைத்த அநீதிக்கு, அக்கலையைக் கற்கும் பிள்ளைக்கு மாலையும் மதிப்பும் ஊதியமும் அளிப்பதே தக்க கைம்மாறாகும் என நாம் கருதுகிறோம்.