வள்ளலார் மூட்டிய அடுப்பு



மூத்தோருக்கான மதிய உணவுத் திட்டத்தை மறுபடியும் தொடங்குவது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். அதைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி செயலாளர் கேட்டார். விதிமுறைகளை அவரே எழுதுவார். நான் ஒரு பெரியவரின் வாழ்க்கையை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அவர் 150 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய சாப்பாட்டுக் கூடம் இன்றும் நடக்கிறது. நாம் ஊரடங்கு சமயத்தில் தொடங்கியது பதினான்கு மாதத்தில் நின்றுபோனது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று யோசித்தால் நமக்குக் கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கும்.

அந்தப் பெரியவர் இராமலிங்க அடிகளார். நாம் வள்ளலார் என்று அழைப்பவர்.

சிதம்பரத்தை அடுத்த மருதூரில் 1823 அக்டோபர் 5 அன்று பிறந்தார். தந்தை இராமையா பிள்ளை ஊர்க் கணக்கர், பிள்ளைகளுக்குப் பாடமும் சொல்லிக் கொடுத்தவர். ஆயுள் முழுக்கப் பேரேடு எழுதியவன் என்பதால் எனக்கு இதில் ஒரு சின்ன சந்தோஷம் உண்டு. தாயார் சின்னம்மை. ஐந்து பிள்ளைகளில் இவர் கடைசி. பிறந்து ஆறு மாதத்தில் தந்தை காலமானார். தாயார் குழந்தைகளோடு பொன்னேரிப் பக்கம் உள்ள சின்னக்காவணத்துக்குப் போய், பிறகு சென்னையில் குடியேறினார்.

அங்கே மூத்த அண்ணன் சபாபதி புராணச் சொற்பொழிவு செய்து குடும்பத்தைக் காப்பாற்றினார். தம்பிக்குப் பாடத்தில் மனம் செல்லவில்லை. கந்தகோட்டத்து முருகன் சன்னதியே கதி என்று கிடந்தார். கோபத்தில் அண்ணன், இவனுக்கு வீட்டில் சோறு போடக் கூடாது என்று உத்தரவு போட்டதாகவும், அண்ணி யாருக்கும் தெரியாமல் கூப்பிட்டுச் சோறு போட்டதாகவும் அவர் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். பின்னாளில் ஊருக்கே சோறு போட்டவர், ஒரு காலத்தில் பின்வாசல் வழியாக வந்து சாப்பிட்டிருக்கிறார்.

ஒருநாள் அண்ணனுக்கு உடம்பு சரியில்லாமல் போக, அவருக்குப் பதிலாகச் சொற்பொழிவு செய்யத் தம்பி போனார். கேட்டவர்கள் அசந்துபோனார்கள். அதற்குப் பிறகு அவர் புலமையை யாரும் சந்தேகிக்கவில்லை. 1851 இல் ஒழிவிலொடுக்கம், 1855 இல் தொண்டமண்டல சதகம் ஆகிய நூல்களைப் பதிப்பித்தார். உறவினர் வற்புறுத்தலால் அக்காள் மகள் தனகோடியைத் திருமணம் செய்துகொண்டார் என்றாலும், இல்லறத்தில் அவர் மனம் நிற்கவில்லை.

1858 இல் சென்னையை விட்டுக் கிளம்பினார். தலங்களைத் தரிசித்துவிட்டு, வடலூருக்குப் பக்கத்தில் கருங்குழி என்ற கிராமத்தில் வேங்கட ரெட்டியார் வீட்டில் தங்கினார். சில நாள் தங்க வந்தவர் சுமார் ஒன்பது ஆண்டுகள் அங்கேயே இருந்தார். பிற்காலத்தில் திருவருட்பாவில் சேர்ந்த பாடல்கள் பலவும் அங்கே எழுதப்பட்டவை.

பட்டணத்தில் இருந்தவருக்குக் கிராமத்துப் பசி கண்ணில் பட்டது. மழை பொய்த்தால் கூலி இல்லை, கூலி இல்லையென்றால் கஞ்சி இல்லை. அதிலும் வயதானவர், கண் தெரியாதவர், நடக்க முடியாதவர் பாடு இன்னும் மோசம். கோயில்களிலும் சத்திரங்களிலும் அன்னதானம் உண்டு. ஆனால் பல இடங்களில் யாருக்குப் போடுவது, யாரை எங்கே உட்கார வைப்பது என்பதற்குக் கட்டுப்பாடுகள் இருந்தன. இவர் 1865 இல் சன்மார்க்க சங்கத்தை ஏற்படுத்தினார். இரண்டு ஆண்டு கழித்துத் தருமச்சாலையைத் தொடங்கினார்.

அதை எப்படித் தொடங்கினார் என்பதை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

முதலில் இடம். சென்னை–கும்பகோணம் சாலையும் கடலூர்–விருத்தாசலம் சாலையும் சந்திக்கிற இடத்தில் வடலூர் இருக்கிறது. நாலா பக்கமும் நடந்து போகிறவர்கள் கண்ணில் படும் இடம். பார்வதிபுரம் கிராமத்தார் நாற்பது பேர் வரை சேர்ந்து எண்பது காணி நிலத்தை, இன்றைய கணக்கில் நூறு ஏக்கருக்கு மேல், எழுத்து மூலமாக எழுதிக் கொடுத்தார்கள். ஒரு பணக்காரர் தயவில் நடக்கிற காரியமாக இல்லாமல், ஊரே கையெழுத்துப் போட்ட காரியமாக அது ஆரம்பித்தது.

அடுத்தது கட்டடம். மண்சுவரும் கூரையும்தான். கல் கட்டடத்துக்குப் பணம் சேரட்டும் என்று காத்திருக்கவில்லை. 1867 மே 23, பிரபவ வருஷம் வைகாசி 11 அன்று சாலை திறக்கப்பட்டது. சாப்பாடு ஏன் போடுகிறோம் என்று எல்லோருக்கும் விளங்கும்படி, அவர் எழுதிய ஜீவகாருண்ய ஒழுக்கம் என்ற உரைநடை நூல் அன்று வாசிக்கப்பட்டது.

மூன்றாவது அடுப்பு. 21 அடி நீளம், இரண்டரை அடி அகலம், இரண்டரை அடி ஆழம். அன்று மூட்டிய தீ இன்றுவரை அணையவில்லை. சாலைக்கு வருகிறவர்களிடம் சாதி, மதம், ஊர் எதையும் கேட்பதில்லை. பசி இருக்கிறதா என்பது ஒன்றுதான் தகுதி.

சாப்பாட்டோடு அவர் நிற்கவில்லை. தமிழ், வடமொழி, ஆங்கிலம் மூன்றும் கற்பிக்கும் பாடசாலை ஒன்றையும் தொடங்கினார். சிறுவர் முதல் முதியவர் வரை யாரும் சேரலாம் என்று வைத்தார். வயதானவர்களுக்குச் சோறு மட்டும் போதாது, கூடி உட்கார ஒரு காரணமும் வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

தன் பெயரைப் பெரிதாகப் போட்டுக்கொள்ளவும் அவர் விரும்பவில்லை. பாடல்களை அச்சிட முனைந்த அன்பர்களுக்கு எழுதிய கடிதத்தில், தன் பெயரோடு சாமி என்று சேர்ப்பது ஆரவாரமாகத் தோன்றுவதால் அதைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொண்டார். 1867 இல் திருவருட்பா வெளிவந்தபோது, பட்டங்களைச் சேர்த்தவர்கள் அன்பர்கள்தான். அந்தப் பாடல்களை எதிர்த்துக் கண்டனங்களும் வந்தன. விவகாரம் 1869 இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை போனது. அந்தச் சச்சரவு நடந்த நாட்களிலும் சாலையில் பந்தி நடந்துகொண்டேயிருந்தது.

1870 இல் வள்ளலார் வடலூரை விட்டுச் சற்றுத் தள்ளி உள்ள மேட்டுக்குப்பத்துக்குக் குடிபோனார். நிறுவியவர் பக்கத்தில் இல்லாமல் சாலையை நடத்தச் சங்கத்தார் அப்போதே பழகிக்கொண்டார்கள். 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று சத்திய ஞானசபை தொடங்கியது. 1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் கொடியேற்றி நீண்ட உபதேசம் செய்தார். 1874 ஜனவரி 30 அன்று அங்கே ஓர் அறைக்குள் சென்று கதவைச் சாத்திக்கொண்டார். பிறகு அவரை யாரும் பார்க்கவில்லை. அவர் ஜோதியில் கலந்தார் என்பது அன்பர்கள் நம்பிக்கை. அப்போது அவருக்கு வயது ஐம்பதுதான்.

அடுத்த இரண்டு ஆண்டில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் சென்னை மாகாணத்தில் லட்சக்கணக்கானோர் மாண்டார்கள். நம் கோயமுத்தூர், சேலம் பகுதிகளும் பயங்கரமாக அடிபட்டன. நம் பாட்டிமார் சோற்றைக் கீழே சிந்தினால் தாது வருஷத்தைச் சொல்லித் திட்டுவார்கள், நினைவிருக்கிறதா? அந்தக் காலத்தைத் தாண்டியும் வடலூர் அடுப்பு எரிந்தது. மூட்டியவர் இல்லாமலே எரிந்தது.

அன்று முதல் அரிசியும் பருப்பும் காய்கறியும் பல ஊர்களிலிருந்து அங்கே போய்க்கொண்டிருக்கின்றன. தைப்பூசத்துக்கு மூட்டை மூட்டையாகப் போகும். நம் கொங்கு மண்ணிலும் அவர் வழி நிற்பவர்கள் நிறைய. பொள்ளாச்சி நா. மகாலிங்கம் பல ஆண்டுகள் சென்னையில் வள்ளலார்–காந்தி விழா நடத்தினார். 2014 அக்டோபர் 2 அன்று அந்த விழாவில் இருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. வள்ளலார் பிறந்த அக்டோபர் 5 ஆம் தேதியைத் தமிழக அரசு இப்போது தனிப்பெருங்கருணை நாளாகக் கடைப்பிடிக்கிறது.

இனி நம் கதைக்கு வருகிறேன்.

2020 இல் நாம் தொடங்கியபோது எத்தனை உற்சாகம்! ஒருநாள் அரிசிம்பருப்பு சாதம், ஒருநாள் தயிர் சாதம் என்று ஒவ்வொரு வீடும் ஒரு நாளை எடுத்துக்கொண்டது. பத்தொன்பது பெரியவர்களுக்குச் சரியாகப் பன்னிரண்டரை மணிக்கு டிபன் கேரியர் போய்ச் சேர்ந்தது. எல்லாவற்றையும் ஒரே ஒரு அம்மணி தன் செல்போனில் வைத்துப் பார்த்துக்கொண்டார். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு உப்புக் குறைக்க வேண்டும், யார் வீட்டு மணி வேலை செய்யாது, எல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் கணவருக்கு மாற்றல் வந்தது. அவர்கள் போன மூன்றாவது வாரம் சாப்பாடும் நின்றது.

நின்றதை யாரும் அறிவிக்கவில்லை. நாலாவது மாடியில் தனியாக இருந்த ஒரு பெரியவர், யாரோ இன்று தாமதம் போலிருக்கிறது என்று நினைத்து, இரண்டு நாள் டீயும் பன்னுமாக ஓட்டியிருக்கிறார். வாட்ச்மேன் சொல்லித்தான் நமக்குத் தெரிந்தது. அப்போது பொருளாளராக இருந்தவன் நான். காசுக் கணக்கு பைசா சுத்தமாக என்னிடம் இருந்தது. பெயர்ப் பட்டியலை ஒரு நகல் வாங்கி வைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. வங்கியில் ஒரு சாவியை இரண்டு பேரிடம் பிரித்துக் கொடுத்தே பழகியவன், இதில் கோட்டை விட்டேன். அந்தப் பெரியவர் இன்று இல்லை. அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை.

வாடகைக்கு இருப்பவர்களின் பெற்றோருக்கும் கொடுக்க வேண்டுமா என்று ஒரு விவாதம் இப்போதே குழுவில் ஓடுகிறது. வடலூரில் யாரும் பட்டா கேட்டுச் சோறு போடவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

இந்த முறை பட்டியல் சங்க அலுவலகத்தில் நோட்டில் இருக்கும். ஒவ்வொரு பிளாக்கிலும் இரண்டு பொறுப்பாளர்கள், ஒருவர் ஊருக்குப் போனால் மற்றவர். சமைக்க முடியாதவர்கள் கேரியரைக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். அதுவும் முடியாதவர்கள், கொடுக்கப் போன இடத்தில் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசலாம். மாதம் ஒருநாள் போதும். தொடங்கியவர் யார் என்று அடுத்த தலைமுறைக்குத் தெரியாமல் போனாலும், அதற்குள் சாப்பாடு நிற்காமல் இருந்தால் சரி.

நோட்டு அலுவலக மேசைமேல் இருக்கிறது. பேனாவும் கட்டி வைத்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமைக்கு மட்டும் இன்னும் ஆள் வேண்டுங்க.