வளரி கற்பித்த சின்ன மருது

சென்ற ஆண்டு நம் கல்லூரியில் நடைபெற்ற சொற்போர் நண்பர்கள் பலருக்கும் நினைவிருக்கும். குடிமக்கள் தற்காப்பிற்காகத் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாமா, கூடாதா என்பது தலைப்பு. வைத்துக்கொள்ள வேண்டும் என்ற அணியில் எனக்கு இடம் கிடைத்தது. பெரியபட்டினத்திலிருந்து பேருந்தில் வரும்போதே என் வாதங்களைக் கோத்துக்கொண்டு வந்தேன். எல்லாம் மருது பாண்டியர் வரலாறுதான். 1801ஆம் ஆண்டில் கும்பெனியார் தென்சீமை மக்களிடமிருந்து ஆயுதங்களைப் பறித்தனர். பறிகொடுத்ததனால் நாம் அடிமையானோம். ஆகவே ஆயுதமே விடுதலையின் அரண் என்று முழங்கினேன். கைதட்டல் கிடைத்தது; பரிசும் கிடைத்தது.

ஊர் திரும்பியதும் எங்கள் தெருவில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் பரிசைக் காட்டினேன். அவர் பள்ளிக்கூடம் அதிகம் கண்டவர் அல்லர். பரிசுக் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அந்த மருது தம் வீட்டு வாசலில் எத்தனை துப்பாக்கிக்காரரை நிறுத்தியிருந்தார், தம்பி என்று கேட்டார். எனக்கு விடை தெரியவில்லை. விடை தேடிப் படித்தபோது என் பேச்சின் அடித்தளமே ஆட்டம் கண்டது. அதைத்தான் இங்கு எழுதத் துணிகிறேன்.

நரிக்குடியை அடுத்த முக்குளத்தில், மொக்கைப் பழனியப்பன் சேர்வைக்கு இளைய மகனாக 1753ஆம் ஆண்டில் பிறந்தவர் சின்ன மருது. அண்ணன் பெரிய மருதுவுடன் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதரிடம் பணியில் சேர்ந்தார். 1772ஆம் ஆண்டு ஜூன் மாதம் நவாபின் படையும் கும்பெனிப் படையும் காளையார்கோவிலைத் தாக்கின. மன்னர் மாண்டார். அரசி வேலு நாச்சியாரையும் அவர் மகளையும் காத்து, திண்டுக்கல் பக்கமுள்ள விருப்பாச்சிக்கு அழைத்துச் சென்றவர்கள் மருது சகோதரர்களே. எட்டு ஆண்டுகள் காத்திருந்து, ஐதர் அலியின் உதவியையும் பெற்று, 1780இல் சிவகங்கையை மீட்டார்கள். இப்பகுதி பாடநூல்களிலும் மேடைகளிலும் நன்கு பேசப்பட்டதே, விரிக்க வேண்டியதில்லை.

நான் அறியாதிருந்தது அதற்குப் பின் வந்த அமைதிக் காலத்தை. வேட்டையில் விருப்பம் மிகுந்த பெரிய மருது காட்டில் திரிவார். ஆற்காட்டு ரூபாய் நாணயத்தை விரல்களால் வளைத்துவிடுவார் என்று அவரைப் பற்றிப் பேச்சு உண்டு. ஆட்சிப் பொறுப்பு இளையவரிடம் இருந்தது. அவர் சிறுவயலில் இருந்துகொண்டு நாட்டை நடத்தினார். அக்காலத்தில் மதுரையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கும்பெனி அதிகாரி அவரிடம் நட்புக் கொண்டிருந்தார். பிற்காலத்தில், 1830இல், தம் இராணுவ நினைவுகளை நூலாக வெளியிட்டபோது சின்ன மருதுவை அவர் மறக்கவில்லை. பரந்த சீமையை ஆண்ட அந்த மனிதரிடம் ஒரு காவலாள்கூட இல்லை என்றும், அவர் மாளிகைக்குள் எவரும் தடையின்றி வந்து போகலாம் என்றும் எழுதிவைத்திருக்கிறார். நல்ல அரிசியும் பழங்களும் தமக்கு அனுப்பிவைத்ததையும் நன்றியோடு குறிப்பிடுகிறார்.

பெரியவரின் கேள்விக்கு விடை இதுதான். வாசலில் துப்பாக்கிக்காரர் ஒருவரும் இல்லை!

அவருக்கு ஆயுதம் தெரியாது என்று எண்ணிவிடக் கூடாது. 1795இல் வெல்ஷுக்கு ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றுக்கொடுத்தவரே சின்ன மருதுதான். வளரி என்பது பிறை போல் வளைந்த, எறிந்து தாக்கும் ஆயுதம். வளைதடி என்றும் சொல்வர். கைதேர்ந்தவர் நூறு கெச தூரத்திற்குள் குறி தவறாமல் வீழ்த்துவர் என்பது வெல்ஷ் தரும் கணக்கு. அயலான் ஒருவனுக்குத் தம் நாட்டு ஆயுதத்தைக் கற்றுக்கொடுத்தது சரியா என்று நம் விடுதியில் ஒரு நண்பர் என்னுடன் சண்டையிட்டார். எனக்கோ அந்தத் திறந்த கதவும் அந்தக் கல்வியும் ஒரே மனத்திலிருந்து பிறந்தவையாகவே படுகின்றன.

கட்டபொம்மன் 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801 பிப்ரவரியில் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். மே மாதம் பாஞ்சாலங்குறிச்சி மீண்டும் விழவே, சிறுவயலுக்கு வந்து சேர்ந்தார். அடைக்கலம் கொடுத்தால் கும்பெனியின் பகை வரும் என்பதைச் சின்ன மருது அறியாதவரா? அறிந்தே கொடுத்தார். ஜூன் 16ஆம் நாள் திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கத்திலும் அவருடைய அறிக்கை ஒட்டப்பட்டது. சாதி வேற்றுமை பாராமல் எல்லாரும் கும்பெனிக்கு எதிராக எழ வேண்டும் என்று அது அழைத்தது.

கர்னல் அக்னியூவின் படை நெருங்கியபோது மருதுவின் ஆட்களே சிறுவயலைத் தீக்கிரையாக்கிவிட்டுக் காட்டுக்குள் சென்றனர். காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டி வழி அமைக்கக் கும்பெனியார் வாரக்கணக்கில் முயன்றும் முடியவில்லை. அப்போது மருதுவின் மக்களிடம் துப்பாக்கி இருந்தது, ஈட்டி இருந்தது, வளரியும் இருந்தது. காடு வெட்டி முடியாததை வேறு வழியில் முடித்தார்கள். செப்டம்பரில், படமாத்தூர் கௌரி வல்லபரைச் சோழபுரத்தில் சிவகங்கையின் அரசராக அறிவித்தார்கள். மக்கள் இரண்டுபட்டனர். அக்டோபர் 1ஆம் நாள் காளையார்கோவில் வீழ்ந்தது. தொடை எலும்பு முறிந்த நிலையில் பிடிபட்ட சின்ன மருது, அண்ணனுடன் அக்டோபர் 24ஆம் நாள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார். விலங்கைப் போல் அவர் வேட்டையாடப்பட்டதைக் கண்ட துயரத்தையும் வெல்ஷ் எழுதியிருக்கிறார். அவர் நின்றது வேட்டையாடியவர் பக்கத்தில்.

இனித்தான் என் பரிசுக்கு வந்த ஆபத்து. சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் ஆயுதப் பறிப்பு ஆணையை வெளியிட்ட நாள் 1801 டிசம்பர் 1. திண்டுக்கல், திருநெல்வேலி, இராமநாதபுரம், சிவகங்கை, மதுரைச் சீமைகளில் உள்ளோர் துப்பாக்கி, ஈட்டி முதலியவற்றை அக்னியூவிடம் ஒப்படைக்க வேண்டும் என்றது அது. இராமநாதபுரச் சீமை என்றால் எங்கள் பெரியபட்டினமும் அடக்கம். தேதிகளைப் பாருங்கள். தோற்றது அக்டோபரில், பறித்தது டிசம்பரில். ஆயுதம் கையில் இருந்தபோதே தோற்றோம். இதை மேடையில் தலைகீழாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கியவன் நான்.

அதற்காக அந்த ஆணையை நல்லது என்று கொள்ளவும் மனம் வரவில்லை. நாட்டைப் பிடித்தவன் தன் அச்சத்தினால் இட்ட கட்டளை அது. 1878இல் வந்த ஆயுதச் சட்டமும் அப்படியே. ஐரோப்பியருக்கு விலக்கு, நமக்குத் தடை. அகிம்சை போதித்த காந்தியடிகளே அதை ஆங்கிலேயரின் மிகக் கரிய செயல்களில் ஒன்றாக எண்ணினார். ஆனால், விடுதலை பெற்ற நாடு 1959இல் இயற்றிய சட்டமும் துப்பாக்கிக்கு உரிமம் கேட்கிறது. வெள்ளையருக்கு இருந்த சலுகை போயிற்று. கட்டுப்பாடு எல்லார்க்கும் பொதுவாயிற்று. 2019இல் உரிமக்காரர் வைத்திருக்கும் துப்பாக்கிகளின் உச்ச எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகவும் குறைந்தது. நம் ஆணைக்குப் பத்தாண்டு முன்னர், 1791இல், அமெரிக்கர் ஆயுத உரிமையைத் தம் அரசமைப்பில் எழுதிக்கொண்டனர். வெளியில் கைத்துப்பாக்கி கொண்டு செல்வதும் அவ்வுரிமையில் அடங்கும் என்று அவர்களின் உச்ச நீதிமன்றம் 2022இல் தீர்ப்பளித்தது. நம்மூர்ச் சட்டத்தில் உழவுக் கருவிக்கு விலக்கு உண்டு. முதுகுச் சட்டைக்குள் அரிவாளைச் செருகிக்கொண்டு போகிறவன் அந்த விலக்கை நினைத்தா செருகுகிறான்? அவனுக்கும் தற்காப்பு என்றே பெயர். அவனைக் கண்டு எதிராளியும் ஒன்றைச் செருகிக்கொள்கிறான். சிறுவயலில் எவரும் நுழையலாம் என்றிருந்த வாசலை நினைத்துக்கொண்டால், என் அணியின் வாதம் எனக்கே இப்போது கசக்கிறது.

இவற்றையெல்லாம் பெரியவரிடம் சொன்னேன். வலையிலிருந்து கண்ணை எடுக்காமல், அவர் பிள்ளைகள் என்ன ஆனார்கள் என்று மட்டும் கேட்டார்.

சின்ன மருதுவின் மகன் துரைச்சாமி அப்போது பதினைந்து வயதுச் சிறுவன். 1802 பிப்ரவரியில் தூத்துக்குடியில் கப்பலேற்றி, வேறு 70க்கும் மேற்பட்டவர்களுடன் பினாங்குத் தீவுக்கு நாடு கடத்தினார்கள். 1818இல் உடல்நலம் தேடி அத்தீவுக்குச் சென்ற வெல்ஷ் முன்னே, தளர்ந்த முதியவர் போன்ற ஒருவர் வந்து நின்றார். யார் என்று வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை. துரைச்சாமிக்கு அப்போது முப்பது வயதை ஒட்டித்தான் இருக்கும்.