காலண்டர் படம் தந்த கொண்டையராஜு

தை பிறந்தால் அலங்காநல்லூரில் ஜல்லிக்கட்டு. அதற்குச் சில நாள் முன்பே, ஆங்கிலப் புத்தாண்டோடு, வீடுகளில் புதுக் காலண்டர் ஏறிவிடும். மளிகைக் கடையில் ஒன்று கொடுப்பார்கள். ஜவுளிக் கடையில் ஒன்று கொடுப்பார்கள். தேதித் தாள் வருடக் கடைசியில் தீர்ந்து போகும். ஆனால் மேலே இருக்கும் சாமி படத்தை யாரும் தூக்கி எறிய மாட்டார்கள். கண்ணாடி போட்டு, சட்டம் அடித்து, பொட்டு வைத்து, சுவரில் மாட்டிவிடுவார்கள்.

தமிழ்நாட்டு வீடுகளுக்கு இந்தப் படங்களைக் கொடுத்தவர்களில் முதன்மையானவர் ஓவியர் சி. கொண்டையராஜு. படத்தைப் பார்த்துக் கும்பிட்டவர்கள் லட்சக்கணக்கானவர்கள். வரைந்தவர் யார் என்று கேட்டவர்கள் மிகச் சிலரே.

ஆசிரமத்துக்குப் போனார்

கொண்டையராஜு 1898-ம் ஆண்டு பிறந்தார். அவர் ராஜு வகுப்பைச் சேர்ந்தவர். சுவரிலும் துணியிலும் சித்திரம் எழுதுவது அந்த வகுப்பாரின் பழைய தொழில்களில் ஒன்று. சென்னையில் உள்ள அரசாங்க ஓவியப் பள்ளியில் அவர் முறையாகப் பயின்றார்.

படிப்பு முடிந்தது. பணக்காரர்களின் உருவப்படம் வரைந்து பிழைத்திருக்கலாம். ஆனால் அவர் மனம் துறவை நாடியது. திருவண்ணாமலைக்குப் போய் ரமண மகரிஷியின் ஆசிரமத்தில் தங்கினார். பிறகு மீண்டும் தூரிகையைக் கையில் எடுத்தார். கடைசிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை.

நாடகத் திரை

சினிமா பரவாத காலம். ஊர் ஊராக நாடகக் கம்பெனிகள் போகும். அரண்மனை, காடு, கடைவீதி, கைலாயம் என்று காட்சிக்கு ஒரு திரை வேண்டும். அந்தத் திரை எழுதும் வேலையில் கொண்டையராஜு சேர்ந்தார்.

திரை எழுத விலை உயர்ந்த சாமான் எதுவும் தேவையில்லை. முரட்டுத் துணி, கடையில் கிடைக்கும் வண்ணப் பொடி, காய்ச்சிய வச்சிரப் பசை, இவ்வளவுதான். பசை சூடாக இருக்கும்போதே பொடியைக் குழைத்துப் பூச வேண்டும். ஆறினால் இறுகிவிடும். கொட்டகையில் கடைசி வரிசையில், தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் படம் தெரிய வேண்டும். ஆகவே கோடு அழுத்தமாகவும், நிறம் பளிச்சென்றும் இருக்க வேண்டும்.

எளியவர் கண்ணுக்கு எட்டும்படி வரையும் பாடத்தை நாடகக் கொட்டகை அவருக்குக் கற்றுக் கொடுத்தது.

கம்பெனி கலைந்தது

1942-ல் அவர் இருந்த நாடகக் கம்பெனி கோவில்பட்டிக்கு வந்தது. அங்கேயே நொடித்துக் கலைந்தது. நடிகர்கள் நாலா திசையும் போனார்கள். கையில் பணமில்லை, அடுத்த ஊரும் இல்லை. கொண்டையராஜு அங்கேயே தங்கினார். அவரை நம்பிச் சில இளைஞர்களும் தங்கினார்கள்.

வயிற்றுப்பாட்டுக்குக் கிடைத்த வேலையை எல்லாம் செய்தார்கள். தேவி ஆர்ட் ஸ்டூடியோ என்ற பெயரில் தொழில் நடந்தது. போட்டோ எடுத்தார்கள். கறுப்பு வெள்ளைப் போட்டோவுக்கு வண்ணம் தீட்டினார்கள்.

சிவகாசி அழைத்தது

கோவில்பட்டிக்குப் பக்கத்தில் சிவகாசி. 1920-களில் அங்கே தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும். லேபிளுக்கு அச்சகம் வேண்டும். இப்படி வளர்ந்த அச்சகங்கள் பிறகு காலண்டர் அடிக்கத் தொடங்கின. காலண்டருக்குப் படம் தேவைப்பட்டது. கொண்டையராஜுவைத் தேடி வந்தார்கள்.

நாடகத்தில் பார்த்த மேடை, திரைச்சீலை, பட்டின் மினுமினுப்பு எல்லாம் இப்போது காகிதத்தில் இறங்கின. போட்டோத் தொழிலில் கற்ற முகக் களையும் சேர்ந்தது. தெய்வம் நேரே நின்று பார்ப்பது போன்ற படங்கள் உருவாயின. அவற்றில் மீனாட்சி கல்யாணம் மிகவும் புகழ் பெற்றது.

வாசல் திறந்தது

இதன் பெருமையை அறிய ஒரு விஷயத்தை நினைக்க வேண்டும். மதுரை மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் ஆதிதிராவிடர்களும் நாடார்களும் நுழையக் கூடாது என்று வெகுகாலம் தடை இருந்தது. 1939-ம் ஆண்டு ஜூலை 8-ந் தேதி, வைத்தியநாத ஐயர் அவர்களை அழைத்துக்கொண்டு உள்ளே சென்றார். அதன் பிறகே அந்தத் தடை உடைந்தது.

தலைமுறை தலைமுறையாக வாசலில் நிறுத்தப்பட்டவர்களின் குடிசைக்குள், சில ஆண்டுகளில், மீனாட்சியின் கல்யாணக் கோலம் காலண்டராக வந்து சேர்ந்தது. படத்துக்குக் காசில்லை. பார்க்க யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. ராஜாக்கள் மாளிகையில் மாட்டிய ஓவியம் ஏழை வீட்டுச் சுவருக்கும் சொந்தமாயிற்று.

சீடர்களின் பெயர்

டி.எஸ்.சுப்பையா, மு.ராமலிங்கம், டி.எஸ்.அருணாசலம் முதலியோர் அவருடைய சீடர்கள். பல படங்களில் அவர் தம் பெயரோடு சீடரின் பெயரையும் சேர்த்தே போட்டார். சொந்தப் பிள்ளைகள் இல்லாத அவருக்குச் சீடர்களே குடும்பம்.

கொண்டையராஜு 1976-ம் ஆண்டு காலமானார். ஓவிய உலகம் காலண்டர் படத்தை நெடுநாள் மதிக்கவில்லை. கடைச்சரக்கு என்று ஒதுக்கியது. பிற்பாடு கனடா நாட்டு ஆராய்ச்சியாளர் ஸ்டீபன் இங்லிஸ் போன்றவர்கள் கோவில்பட்டிக்குத் தேடி வந்து, அவர் கலையைப் பற்றி எழுதினார்கள்.

அறிஞர்கள் தாமதமாகத்தான் வந்தார்கள். ஆனால் அவர் படத்தின் முன் விளக்கேற்றிய தாய்மார்கள் அதன் மதிப்பை முதல் நாளே அறிந்திருந்தார்கள்.