துவான் குருவும் டோர்ப் தெருப் பள்ளிவாசலும்

ராபன் தீவு என்றதும் நமக்கு நெல்சன் மண்டேலா நினைவுக்கு வருவார். அவருக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே அங்கே ஓர் ஆலிம் கைதியாக இருந்தார். இந்தோனேசியாவின் திதோர் தீவில் 1712-இல் பிறந்த இமாம் அப்துல்லாஹ் இப்னு காழி அப்துஸ் ஸலாம் (ரஹ்) அவர்கள். மக்கள் அவர்களைத் துவான் குரு என்றே அழைத்தார்கள். நாம் உஸ்தாத் என்கிறோமே, அதுபோல.

ஆங்கிலேயருடன் சேர்ந்து சதி செய்தார் என்று குற்றம்சாட்டி, டச்சுக் கம்பெனி அவர்களை 1780-இல் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனுக்கு நாடுகடத்தியது. சிறையில் அவர்கள் தமது மனனத்திலிருந்தே முழுக் குர்ஆனையும் கையால் எழுதினார்கள். அகீதாவை விளக்கும் 'மஃரிஃபதுல் இஸ்லாம் வல் ஈமான்' என்ற, அறுநூறு பக்கங்களுக்கும் மேற்பட்ட கிதாபை 1781-இல் முடித்தார்கள். ஓதிப் பட்டம் வாங்கிய நம்மில் எத்தனை பேர் ஒரு கிதாபு அலமாரி இல்லாமல் பத்துப் பக்கம் எழுதுவோம்?

விடுதலையானபோது வயது எண்பதைத் தொட்டிருந்தது. கேப்பில் அன்று இஸ்லாத்தை வெளிப்படையாகக் கடைப்பிடிக்கச் சட்டத்தில் இடமில்லை. வீட்டுக்குள் தொழலாம், அவ்வளவுதான். இந்தியா, இலங்கை, ஜாவா எனப் பல கரைகளிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகளும், விடுதலை பெற்ற சிலருமே அங்கிருந்த ஜமாஅத். இமாம் அவர்கள் முதலில் செய்தது, 1793-இல் டோர்ப் தெருவில் ஒரு மத்ரஸாவைத் தொடங்கியது. அடிமைகளின் பிள்ளைகளும் அங்கே ஓதினார்கள். பள்ளிவாசலுக்கு அனுமதி கேட்டார்கள், மறுக்கப்பட்டது. கைவிடப்பட்ட ஒரு கல் குவாரியில், திறந்த வெளியில் ஜும்ஆ நடத்தினார்கள்.

பள்ளிவாசலுக்கான இடம் வந்த வழிதான் நம் மனதை அதிகம் தொடுகிறது. இலங்கையிலிருந்து அடிமையாகக் கொண்டுபோகப்பட்டு, பின்னர் விடுதலையான கொரிடோன் என்பவர் 1794-இல் டோர்ப் தெருவில் ஒரு வீட்டை வாங்கினார். அந்த இடத்தில் உருவானதே அவ்வல் பள்ளிவாசல். பெயருக்கேற்ப அந்நாட்டின் முதல் பள்ளிவாசல். துவான் குரு அவர்களே அதன் முதல் இமாம்.

1804 ஜூலையில்தான் கேப் அரசு மத சுதந்திரத்தைச் சட்டமாக்கியது. மூன்றே ஆண்டுகளில், 1807-இல் இமாம் அவர்கள் வஃபாத்தானார்கள். தானா பாரு மையவாடியில் அடக்கம்.

அந்த இடம் பின்னர் கொரிடோனின் மகள் சார்ச்சிக்கு வந்தது. தமக்குப் பின்னும் அது பள்ளிவாசலாகவே இருக்க வேண்டும் என்று அந்தப் பெண்மணி உயில் எழுதி வைத்தார். டோர்ப் தெருவில் இன்றும் தொழுகை நடக்கிறது.