விண்மீனின் முடிவைக் கணித்த சந்திரசேகர்

கண்ணாற் காணும் பொருளை அளந்துரைத்தல் எளிது. காணவொண்ணாத பொருளின் இயல்பைக் கணக்கினால் முன்னரே அறிந்துரைத்து, உலகம் அதனை ஒப்புக்கொள்ளும் நாள்வரை பொறுத்திருத்தல் அரிது. அவ்வரிய செயலைச் செய்த பெருமகனார், வானநூற் பேரறிஞர் சுப்பிரமணியன் சந்திரசேகர். அவர்தம் வரலாற்றை நம் இல்லத்துச் சிறுவர் சிறுமியரும் அறிதல் வேண்டும்.

சந்திரசேகர் 1910ஆம் ஆண்டு அக்டோபர் 19ஆம் நாள் லாகூரில் பிறந்தார். தந்தையார் சுப்பிரமணிய ஐயர் ரயில்வே கணக்குத் துறையில் உயர் பதவி வகித்தவர். தாயார் சீதாலட்சுமி அம்மையார் நார்வே நாட்டு இப்சனின் நாடகமொன்றைத் தமிழிற் பெயர்த்தவர். பெங்களூரைத் தம் ஊராக்கிக்கொண்ட சர் சி. வி. ராமன் இவருக்குச் சிற்றப்பா. திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் பயின்ற சந்திரசேகர், 1930இல் அரசாங்க உதவிச்சம்பளம் பெற்றுக் கேம்பிரிட்ஜுக்குப் புறப்பட்டார். அன்னையார் அப்போது நோயுற்றிருந்தார். ஆயினும் மகன் செல்லவேண்டுமென்பதில் உறுதியாக நின்றார். மறு ஆண்டு அவர் மறைந்தபோது மகன் கடல் கடந்த நாட்டில் இருந்தார்.

கப்பற் பயணத்தின்போதே, 19 வயதினரான அவ்விளைஞர் ஒரு கணக்கினை ஆராய்ந்தார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் சுருங்கி, வெண்குறுமீனாக அடங்குமென்பதே அந்நாளைய கொள்கை. அதனுள் எலெக்ட்ரான்கள் ஒளியின் வேகத்தை நெருங்கி விரைவதால், ஐன்ஸ்டைனின் சார்புக் கொள்கையையும் சேர்த்துக் கணித்தார். புதிய முடிவொன்று பிறந்தது. கதிரவனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கிற்கு மேற்பட்ட நிறையுடையதாயின், அது வெண்குறுமீனாக நிலைத்திருக்க இயலாது. மேலும் ஒடுங்கியே தீரும்.

1935ஆம் ஆண்டு ஜனவரி 11ஆம் நாள் லண்டன் ராயல் வானநூற் கழகத்தில் இதனை அவர் எடுத்துரைத்தார். அடுத்துப் பேச எழுந்தவர், வானநூலுலகின் தலைமகனாக விளங்கிய எடிங்டன். அவர் அம்முடிவை எள்ளி மறுத்தார், அவை நகைத்தது. பௌதிகப் பேரறிஞர் சிலர் தனிமையில் சந்திரசேகரின் பக்கமே நின்றனர்; வெளிப்பட உரைக்க முன்வந்தாரில்லை. அவரோ பகை வளர்த்தாரில்லை. 1939இல் தம் கணக்கை ஒரு நூலில் நிலைநாட்டிவிட்டு, வேறு துறை புகுந்தார். 1982இல் எடிங்டன் நூற்றாண்டில் அவர் பெருமையைப் போற்றிச் சொற்பொழிவாற்றியவரும் இவரே.

1936இல், மாநிலக் கல்லூரியில் பயின்ற லலிதா அம்மையாரை மணந்து, மறு ஆண்டு முதல் சிகாகோ பல்கலைக்கழகத்திற் பணியாற்றினார். ஒரு துறையைப் பல்லாண்டு ஆராய்ந்து, முழுநூலொன்று எழுதி, அடுத்த துறைக்குச் செல்வது அவர் வழக்கம். எலெக்ட்ரான்களால் சிதறும் ஒளியலைகள், எல்லாப் பக்கமும் சமமாக அதிராது ஒரு திசையில் மிகுந்து அதிருமென்றும், அவ்வேற்றத்தாழ்வு விளிம்பில் 11.7 சதவீதம் வரை எய்துமென்றும் 1946இல் கணித்தார். சுழலும் பாய்பொருளில் மெல்லிய காந்தப் புலமும் பெருங் குலைவை விளைக்கக்கூடுமென்று 1960இல் காட்டினார். ரஷிய அறிஞர் வெலிகாவ் முந்திய ஆண்டே இதனைத் தனித்துக் கண்டிருந்தார்.

பின்னர், 1964இல், ராக்கெட்டின் துணையால் சிக்னஸ் எக்ஸ்-1 என்னும் எக்ஸ் கதிர் ஊற்று கண்டறியப்பட்டது. அங்கே ஒளியும் தப்பவியலாத கருந்துளையொன்று துணைமீனின் வாயுவை ஈர்க்கின்றது. வாயு நேரே விழாது, நீர்ச்சுழிபோல் தட்டாகச் சுழன்று இறங்குகின்றது. அத்தகைய தட்டின் உட்புறம் ஏறத்தாழ ஒரு கோடி டிகிரி வரை காய்ந்து எக்ஸ் கதிர் வீசும். வெளிப்புறத்தின் வெம்மை குறைவு. வளையம் வளையமாக ஒளியைக் கணித்துக் கூட்டி, கருவிகள் பதிந்த நிறமாலையோடு ஒப்பிட்டால், தட்டின் உள்விளிம்பு எவ்வளவு நெருங்கியுள்ளது, கருந்துளை எவ்வளவு விரைந்து சுழல்கின்றது என்பன புலனாகும். வாயு தன் சுழற்சியை இழந்து இறங்குவது அக்காந்தக் குலைவினாலேயே என்று 1991இல் பால்பஸ், ஹாலி என்னும் அறிஞர் இருவர் விளக்கினர். தட்டொளியின் அதிர்வுத் திசையை ஆராய்வோர்க்கு 1946ஆம் ஆண்டுக் கணக்கே அடிப்படையாயிற்று.

அவை நகைத்த நாளுக்கு 48 ஆண்டுகள் கழித்து, 1983இல் நோபெல் பரிசு அவரை நாடி வந்தது. கருந்துளைகளின் கணிதம் பற்றிய அவரது பெருநூல் வெளிவந்ததும் அவ்வாண்டே. 1995ஆம் ஆண்டு ஆகஸ்ட் 21ஆம் நாள் சிகாகோவில் இயற்கை எய்தினார். 1999இல் அமெரிக்கர் விண்ணிற் செலுத்திய எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி, சந்திரா என்று அவர் பெயரைத் தாங்கியது.

நம் பெங்களூருக்கும் இதிற் பங்குண்டு. 2024ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் இந்தியா ஏவிய எக்ஸ்போசாட், எக்ஸ் கதிர்களின் அதிர்வுத் திசையை அளப்பதற்கென்றே அமைந்தது. அதன் போலிக்ஸ் கருவியை ஆக்கியவர், சிற்றப்பா 1948இல் நிறுவிய ராமன் ஆய்வுக் கழகத்தார். தமையன் மகனின் கணக்கைச் சோதிக்கும் கருவி தம்பியின் கழகத்திலேயே பிறந்தது! சதாசிவ நகரில் அக்கழகத்தைக் கடந்து செல்லுங்கால், நகைப்புக்கு அஞ்சாமலும் நகைத்தவரைப் பகையாமலும் வாழ்ந்த அறிஞரை நம் மக்கட்கு எடுத்துரைப்போமாக.